அரை மணிக்கும் கூலி கொடுங்கள்!

டிராக்டரும் ஜீப்பும் பாதி வயதில் படுத்துவிடுவது ஏன்?

மாட்டுக்கு மாட்டுக்காரன் இருந்தான். குதிரைக்குக் குதிரைக்காரன் இருந்தான். யானைக்குப் பாகன் இருந்தான். டிராக்டருக்கு யார் இருக்கிறார்கள்?

ஓட்டுவதற்கு டிரைவர் இருக்கிறார். வாடகை வாங்குவதற்கு முதலாளி இருக்கிறார். கெட்டுப்போனால் பார்ப்பதற்கு மெக்கானிக் இருக்கிறார். ஆனால் தினமும் காலையில் எண்ணெய் பார்த்து, தண்ணீர் பார்த்து, தூசு தட்டி, அதை வேலைக்கு அனுப்பி வைப்பதற்கு ஒருவரும் இல்லை.

ஏன் இல்லை? அந்த வேலைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அதனால்தான் இல்லை!

படை இருந்த ஊர்

திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே இருக்கிறது தெள்ளார். பழைய பெயர் தெள்ளாறு. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் இங்கே பாண்டியனை வென்றான். அதனால் 'தெள்ளாறு எறிந்த நந்திவர்மன்' என்று பெயர் பெற்றான்.

அந்தக் காலத்தில் யானையும் குதிரையும்தான் படை. போர் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவற்றுக்குத் தீனி போட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், காலில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று ஆள் வைக்காத அரசன் போருக்குப் போக முடியாது.

இன்று அதே மண்ணில் நடப்பது உழவு. கழனியில் நெல், கொல்லையில் வேர்க்கடலை. இந்தப் பக்கத்தில் அதை மல்லாட்டை என்பார்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் மாறி மாறி வரும். ஏரியில் தண்ணீர் வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே நாளில் சேடை ஓட்ட வேண்டும். அந்த வாரத்தில் டிராக்டர் நின்றுவிட்டால் முதலாளிக்கு வாடகை போயிற்று. டிரைவருக்குக் கூலி போயிற்று. நாற்று முற்றிக் காத்திருக்கும் விவசாயிக்குப் பட்டமே போயிற்று. வங்கிக் கடனின் தவணை மட்டும் நிற்பதில்லை!

பாதை இல்லாத வண்டிகள்

டிராக்டரும் ஜீப்பும் மற்ற வண்டிகளைப் போன்றவை அல்ல. கார் தார் ரோட்டில் ஓடுகிறது. இவை சேற்றிலும் கல்லிலும் புழுதியிலும் ஓடுகின்றன.

ஜீப் பிறந்ததே போருக்காகத்தான். 1940ல் அமெரிக்க ராணுவம், மேடு பள்ளம் பார்க்காமல் ஓடும் சிறிய வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. அப்படிப் பிறந்த ஜீப்புகள், 2ஆம் உலகப் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. 1947ல் பம்பாயில் மகீந்திரா கம்பெனி, வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து இங்கேயே பூட்டத் தொடங்கியது. 1960ல் சென்னையில் 'டாஃபே' டிராக்டர் கம்பெனி தொடங்கப்பட்டது. 1963ல் மகீந்திராவும் டிராக்டர் தொழிலில் இறங்கியது. இன்று உலகத்திலேயே அதிகமாக டிராக்டர் விற்கும் நாடு இந்தியா.

வண்டி வந்துவிட்டது. வண்டியைப் பேணும் வழக்கம் மட்டும் கூடவே வரவில்லை.

மீட்டரில் விழாத நேரம்

டிராக்டரில் மணி மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஓடினால்தான் அது ஓடும். வாடகையும் மணிக் கணக்கு. பல இடங்களில் டிரைவருக்குக் கூலியும் ஓட்டிய மணிக் கணக்குத்தான்.

வண்டியைத் துடைக்கும்போது எஞ்சின் ஓடுவதில்லை. கிரீஸ் அடிக்கும்போது ஓடுவதில்லை. காற்று வடிகட்டியைக் கழற்றும்போதும் ஓடுவதில்லை. அந்த அரை மணி நேரம் மீட்டரில் விழாது. மீட்டரில் விழாத நேரத்துக்குக் காசு இல்லை. காசு இல்லாத வேலையை யார் செய்வார்கள்?

டிரைவர் செய்யவில்லை என்று முதலாளி திட்டுகிறார். டிரைவர், "ஓட்டுவதற்குத்தானே கூலி!" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூலி கொடுக்காமல் வேலையை எதிர்பார்ப்பது எந்த ஊர் வழக்கம்?

அந்த அரை மணியில் என்னென்ன பார்க்கலாம், பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தால், இதைச் சிறிய விஷயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மூச்சு

எஞ்சினுக்கும் மூச்சு வேண்டும். டீசல் எரியக் காற்று வேண்டும். கொல்லை உழும்போது டிராக்டரைச் சுற்றி இருப்பது காற்று அல்ல, புழுதி. அந்தப் புழுதியைத் தடுப்பதுதான் காற்று வடிகட்டி.

பல டிராக்டர்களில் வடிகட்டியின் அடியில் ஓர் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். உள்ளே வரும் தூசு அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் சேறு போல் ஆகிவிட்டால் தூசு ஒட்டாது. நேரே எஞ்சினுக்குள் போகும். மண் என்பது பொடியான கல். உள்ளே போனால் உப்புத்தாள் போல் பிஸ்டன் வளையத்தையும் அது ஓடும் உருளையையும் தேய்க்கும். பிறகு எஞ்சின் எண்ணெயும் சேர்ந்து எரியும். நீலப் புகை வரும். இழுவை குறையும்.

கிண்ணத்து எண்ணெயை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யப் பல பத்தாயிரம் ரூபாய் வேண்டும். எது லாபம்?

புது வண்டிகளில் காகித வடிகட்டி வருகிறது. அதைத் தண்ணீரில் கழுவக் கூடாது. கல்லில் ஓங்கி அடிக்கவும் கூடாது. மெதுவாகத் தட்ட வேண்டும். கிழிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

தண்ணீர்

எஞ்சின் சூட்டைத் தணிப்பது ரேடியேட்டர் தண்ணீர். கையில் கிடைத்த போர்வெல் தண்ணீரை ஊற்றுவது பலருடைய வழக்கம். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவது என்ன? தண்ணீரில் இருக்கும் உப்பு. அதே உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. குழாய் அடைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் எஞ்சினின் தலை வளையும். கம்பெனி சொல்லும் குளிர்விப்பு நீரைச் சரியான அளவில் ஊற்றுவதே நல்லது.

வெளியேயும் அடைப்பு உண்டு. வைக்கோல் தூசும் மல்லாட்டைச் சருகும் ரேடியேட்டர் வலையில் சிக்கிக்கொள்ளும். காற்றுப் புகாது. தினமும் அதைத் தட்டிவிட இரண்டு நிமிடம் ஆகும். விசிறியைச் சுற்றும் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்கினால் சரி. அதற்கு மேல் தொளதொள என்று இருந்தால் விசிறி சரியாகச் சுற்றாது.

ஒரு எச்சரிக்கை: எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

எண்ணெய்

எஞ்சின் எண்ணெய்தான் வண்டிக்கு ரத்தம். காலையில், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பு, சமதரையில் நிறுத்தி அளவுகோலை எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் இருக்க வேண்டும். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அன்று வண்டியை எடுக்கக் கூடாது.

எண்ணெயை எப்போது மாற்றுவது? பல டிராக்டர்களுக்கு 250 மணிக்கு ஒரு முறை என்று இருக்கும். சில வண்டிகளுக்குக் கூடுதல். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருப்பதே சரி. அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அது பூட்டி வைக்க வேண்டிய பத்திரம் அல்ல. படிக்க வேண்டிய புத்தகம்!

சேடை ஓட்டும் நாட்களில் இன்னொரு வேலை உண்டு. முன் சக்கரக் குடத்திலும் மூட்டுகளிலும் சேற்றுத் தண்ணீர் புகும். வேலை முடிந்ததும் கழுவி, புது கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கிரீஸும் சேறும் வெளியே பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பேரிங் துருப்பிடித்துக் கடகட என்று சத்தம் போடும்.

டீசல், பேட்டரி, கிளட்ச்

டீசல் பம்பின் உட்பாகங்கள் தலைமயிரைவிட மெல்லிய இடைவெளியில் ஓடுகின்றன. ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு துளி மண்ணும் அதற்குப் பகை. அழுக்கு கேனில் டீசல் வாங்குவதும், டேங்க் மூடிக்குப் பதில் துணியைச் செருகுவதும் பகையை அழைத்து வந்து வீட்டில் வைப்பது போல. டேங்க்கை மாலையிலேயே நிரப்பிவிடுவது நல்லது. பாதி காலியாக இருந்தால், இரவுக் குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் தண்ணீராகி டீசலில் இறங்கும்.

பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, வாசலின் தடவினால் போதும். இதைச் செய்யாமல் தினமும் நான்கு பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளச் சொல்கிறார்கள்.

கிளட்ச் மிதியின் மேல் எப்போதும் காலை வைத்து ஓட்டுவது சிலர் பழக்கம். அது கிளட்ச் தகட்டை அரைத்துத் தின்னும். வேலை இல்லாதபோது கால் கீழே இருக்க வேண்டும்.

உயிர் விஷயம்

இதுவரை சொன்னது பண நஷ்டம். இனிச் சொல்வது உயிர் நஷ்டம்.

டிராக்டருக்கு இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. ஒன்று இடது சக்கரத்துக்கு. ஒன்று வலது சக்கரத்துக்கு. கழனியில் சட்டென்று திருப்புவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும். மறந்துவிட்டு, வேகமாகப் போகும்போது ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழும். கொக்கி போட ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை மறந்தவர்களின் குடும்பங்கள் எத்தனையோ!

டிராக்டரின் பின்னால், மற்ற இயந்திரங்களை ஓட்டுவதற்காக ஒரு தண்டு சுற்றுகிறது. அதன் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று. வேட்டி முனையோ, சேலைத் தலைப்போ, தோளில் போட்ட துண்டோ, அவிழ்ந்த கூந்தலோ சிக்கினால், 'ஐயோ' என்று கத்துவதற்குள் ஆளையே இழுத்துவிடும். அதனால்தான் தண்டுக்கு மூடி போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த மூடி உடைந்தால் மறுபடி போடுவதில்லை. 'அது இல்லாமலே ஓடுகிறதே' என்று விட்டுவிடுகிறார்கள். களத்தில் வேலை செய்யும் பெண்களும், வேடிக்கை பார்க்கும் குழந்தைகளும் அதன் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

மூடி இல்லாத தண்டை ஓட்ட மாட்டேன் என்று சொல்லும் டிரைவரை எந்த முதலாளியும் கோபிக்கக் கூடாது. அவர் வேலைக்குக் கள்ளம் செய்யவில்லை. உயிரைக் காக்கிறார்.

மலை ஜீப்புக்கும் இதே கதை

தேனி மாவட்டத்தில் கொழுக்குமலை இருக்கிறது. அங்கே உள்ள தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். பாதை என்று சொல்ல முடியாத கரடுமுரடான கல் வழி. அப்படிப்பட்ட மலையில் ஜீப்பைப் பார்க்காமல் எடுத்தால், கெடப்போவது வண்டி மட்டும் அல்ல.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்ன கியரில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். ஓடையில் இறங்கி ஏறினால், பிரேக்கை இரண்டு மூன்று முறை மெதுவாக மிதித்துக் காய வைக்க வேண்டும். அச்சுக் குடத்தில் உள்ள எண்ணெயில் தண்ணீர் புகுந்ததா என்றும் பார்க்க வேண்டும். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் கியரைக் காய்ந்த தார் ரோட்டில் போட்டு ஓட்டினால், பழைய மாதிரி ஜீப்புகளில் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். வழுக்கும் இடத்தில்தான் அதற்கு வேலை.

டிராக்டரானாலும் ஜீப்பானாலும் பாடம் ஒன்றுதான். ஓட்டுவது பாதி வேலை. பார்ப்பது மீதி வேலை.

தறியிடம் கற்க வேண்டியது

இந்தப் பாடத்தைக் கற்க வெகு தூரம் போக வேண்டியது இல்லை. தெள்ளாரிலிருந்து வந்தவாசியைத் தாண்டிப் போனால், பட்டுக்குப் பேர்போன ஆரணி. அங்கே தறியில் உட்காரும் நெசவாளி என்ன செய்கிறார்? பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே நிறுத்துகிறார். முடி போடுகிறார். பிறகுதான் நாடாவை ஓட்டுகிறார். 'சேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்று அவர் சொல்வதில்லை. சொன்னால் சேலை முழுவதும் அந்த ஓட்டை தெரியும். விலை போகாது.

டிராக்டரிலும் முதலில் அறுவது ஓர் இழைதான். ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகும். ஒரு போல்ட்டு தளரும். ஒரு புதுச் சத்தம் கேட்கும். அன்றைக்கே பார்த்தால் சின்ன வேலை. அறுவடை முடியட்டும் என்று விட்டால், அறுவடைக்கு நடுவிலேயே வண்டி படுக்கும்.

சாக்குப் போக்கு

"அதற்குத்தான் மெக்கானிக் இருக்கிறாரே!" என்று சிலர் சொல்வார்கள். மெக்கானிக் வைத்தியர். வைத்தியர் இருக்கிறார் என்பதற்காக யாராவது பல் துலக்காமல் இருக்கிறார்களா?

"வேலை அவசரம், நேரம் இல்லை" என்பார்கள். அரை மணி நேரம் இல்லாதவர்கள், வண்டி நின்றபின் நான்கு நாள் பட்டறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரம் எங்கிருந்து வந்தது?

"ஆயுத பூஜைக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் கழுவிப் பொட்டு வைக்கிறோமே" என்பார்கள். நல்லது. பொட்டு வைக்க வேண்டியதுதான். ஆனால் மாட்டுப் பொங்கல் அன்று மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவர் உண்டா?

"டிரைவருக்கு அரை மணிக் கூலி கொடுத்தால், அவர் சும்மா உட்கார்ந்துவிட்டு வேலை செய்தேன் என்பார்" என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. இது ஒன்றுதான் யோசிக்க வேண்டிய கேள்வி. அதற்கு வழி இருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம்

வழி இதுதான். ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். தேதி, மீட்டர் மணி, எண்ணெய், தண்ணீர், காற்று வடிகட்டி, கிரீஸ், டயர், பிரேக் கொக்கி, தண்டு மூடி என்று கட்டம் போட வேண்டும். டிரைவர் பார்த்துச் சொல்ல, வீட்டில் படிக்கும் மகனோ மகளோ எழுதலாம். டிரைவரே எழுதினால் இன்னும் நல்லது. எண்ணெய் எப்போது மாற்றியது என்று யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியது இல்லை. எழுத்து சொல்லும்.

வண்டியை விற்கும்போதும் அந்த நோட்டு பேசும். பெயிண்ட் அடித்த டிராக்டரைவிட, நோட்டு வைத்திருக்கும் டிராக்டரை நம்பி வாங்கலாம்.

அரசாங்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. டிராக்டர் பயிற்சி இந்த நாட்டுக்குப் புதிது அல்ல. இன்று மத்தியப் பிரதேசத்தில் உள்ள புத்னியில், 1955லேயே அதற்காக ஒரு மத்திய நிலையம் தொடங்கப்பட்டது. தென்னாட்டுக்கென்று ஆந்திராவில் அனந்தப்பூர் மாவட்டம் கர்லதின்னேயில் ஒரு நிலையம் இருக்கிறது. ஆனால் தெள்ளார் டிரைவர் ஒரு வாரக் கூலியை விட்டுவிட்டு அனந்தப்பூருக்குப் போக முடியுமா? பயிற்சிதான் அவரைத் தேடி வர வேண்டும்.

தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு டிராக்டரை வாடகைக்கு விடுகிறது. அந்தத் துறை, ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்னால் ஒன்றியத்துக்கு ஒரு நாள் முகாம் போட வேண்டும். டிராக்டர் விற்கும் கம்பெனிகளும் சேர வேண்டும். அன்று வரும் டிரைவருக்கு அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும். டிரைவர்களை மட்டும் அல்ல, முதலாளிகளையும் குடும்பத்தோடு கூப்பிட வேண்டும். சுற்றும் தண்டின் பக்கத்தில் சேலைத் தலைப்போடு நிற்பவருக்கும் விஷயம் தெரிய வேண்டும் அல்லவா?

யார் முதலில்?

அரசாங்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியது இல்லை. வண்டி வைத்திருப்பவர் நாளைக் காலையே தொடங்கலாம். டிரைவரைக் கூப்பிட்டு, "இன்று முதல் காலை அரை மணியும் வேலை நேரம்தான். அதற்கும் கூலி உண்டு. வண்டி சரியில்லை என்று நீங்கள் சொன்னால் அன்று வண்டி நிற்கும்" என்று சொன்னால் போதும்.

அந்தச் சொல்லில் இரண்டு பேருக்கும் லாபம் இருக்கிறது. டிரைவருக்குக் காசோடு மரியாதையும் கிடைக்கிறது. முதலாளிக்கு வண்டியின் ஆயுள் கூடுகிறது.

மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அந்த அரை மணிக் கூலி செலவுப் பக்கத்தில்தான் இருக்கும். நடுப்பட்டத்தில் நிற்காத வண்டியும், சிக்காத சேலைத் தலைப்பும், கவிழாத டிராக்டரும் எந்தக் கணக்கிலும் வராது. வராமல் இருப்பதுதான் அதன் வரவு!